புரட்டிப் பார்த்தபின் விலை பேசுங்கள்: விளையாட்டு அட்டைப் பண்டமாற்றுக்கும் திரிஃப்ட் கடைப் பழைய படங்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

ஒஹாயோவுக்குக் குடிவந்த இரண்டாவது ஆண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டனின் படம் அச்சிட்ட, ஃபிளியர் நிறுவனத்தின் 1986 சேகரிப்பு அட்டையை 150 டாலர் கொடுத்து வாங்கினேன். எண் 57. சிவப்பு, வெள்ளை, நீலக் கரை. பந்தோடு வளையத்தை நோக்கிப் பறக்கும் ஜோர்டன். கூடைப்பந்து சேகரிப்பாளர் ஒவ்வொருவரும் ஏங்கும் அட்டை அது. அசல் அந்த விலைக்குக் கிடைக்காது என்று எனக்கு அப்போதே தெரியும். ஆசை அறிவை முந்திக்கொண்டது. வீட்டுக்கு வந்து, பத்து மடங்கு பெரிதாக்கும் நகைக்கடைக் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஜோர்டன் பெயரின் எழுத்துகள் ஒரே மையாக, கத்தரித்தாற்போன்ற விளிம்போடு இருந்திருக்க வேண்டும். அவை பொடிப்பொடியான வண்ணப் புள்ளிகளாகச் சிதறிக் கிடந்தன. யாரோ அசலைப் படமெடுத்து மறுபடி அச்சடித்திருக்கிறார்கள்.

அன்று பிடித்த பழக்கத்தை இன்றுவரை விடவில்லை. ஒரு பொருளைப் புரட்டாமல், ஓரம் பார்க்காமல், மூடி இருந்தால் திறக்காமல் நான் விலை பேசுவதில்லை. மக்கள் கொடுத்த பழைய பொருட்களை விற்கும் திரிஃப்ட் கடையில் இரண்டு டாலர் டிவிடி வாங்கும்போதும் இதே பழக்கம்தான் கைகொடுக்கிறது. இந்த இரண்டு வேட்டைகளையும் பல ஆண்டுகளாகச் சேர்த்தே செய்துவருகிறேன். ஒரே கடையில் இரண்டும் கிடைக்கும் நாட்களும் உண்டு. அமெரிக்காவிலோ கனடாவிலோ வாழ்ந்துகொண்டு இதில் இறங்க நினைப்பவர்களுக்காக, நான் கற்ற வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதல் படி: அட்டை எந்தக் காலத்தது என்று அறியுங்கள்

நண்பர் ஒருவரின் பன்னிரண்டு வயது மகன் சென்ற கோடையில் ஒரு காலணிப் பெட்டி நிறைய பேஸ்பால் அட்டைகளைக் கொண்டுவந்தான். "அங்கிள், எல்லாமே 1990-ல் வந்தவை. முப்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. நிறைய விலை போகும், இல்லையா?" என்று கேட்டான். அவன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. எழுநூறு அட்டைகளுக்கும் சேர்த்து இருபது டாலர் தேறினால் அதிகம்.

பழையது என்பதாலேயே ஓர் அட்டைக்கு மதிப்பு வந்துவிடாது. எத்தனை அச்சாகின, அவற்றில் எத்தனை தப்பிப் பிழைத்தன என்பதுதான் கணக்கு. 1909 முதல் 1911 வரை சிகரெட் பெட்டிகளுக்குள் வந்த டி206 வரிசையில் பேஸ்பால் வீரர் ஹோனஸ் வாக்னரின் அட்டை சீக்கிரமே நிறுத்தப்பட்டது. தன் படத்தைப் பயன்படுத்த அவர் சம்மதிக்கவில்லை. ஏன் என்பதில் இன்றும் வாதம் நடக்கிறது. எஞ்சியவற்றில் ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதே ஆண்டு, டாப்ஸ் நிறுவனத்தின் 1952 வரிசையில் வந்த மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. அந்த வரிசையின் கடைசிப் பகுதி விற்காமல் தேங்கியபோது, பெட்டி பெட்டியாக ஒரு படகில் ஏற்றிப்போய் அட்லாண்டிக் கடலில் கொட்டியதாக, அதை வடிவமைத்த சை பெர்கரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1960-ல் நடந்தது அது.

இப்போது 1980-களுக்கு வாருங்கள். டாப்ஸ் நிறுவனத்தின் ஏகபோகத்தை எதிர்த்து ஃபிளியர் தொடுத்த வழக்கில் 1980-ல் தீர்ப்பு வந்தது. 1981-ல் ஃபிளியரும் டான்ரஸும் சந்தைக்குள் நுழைந்தன. பழைய அட்டைகள் ஆயிரக்கணக்கில் விலை போவதைச் செய்தித்தாளில் படித்த பெற்றோர்கள், புதிய அட்டைகளைப் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கென்று வாங்கிப் பத்திரப்படுத்தினார்கள். நிறுவனங்களும் அளவில்லாமல் அச்சடித்துத் தள்ளின. 1987 தொடங்கி 1994 வரையிலான காலத்தைச் சேகரிப்பாளர்கள் 'ஜங்க் வேக்ஸ்' காலம் என்கிறார்கள். அந்தக் காலத்து பாக்கெட்டுகள் மெழுகுத்தாளில் வந்ததால் வேக்ஸ். மீதிக்கு விளக்கம் வேண்டியதில்லை. எல்லாரும் பத்திரமாக வைத்த பொருளுக்கு எப்படி அருமை வரும்?

ஆனாலும் அந்தப் பெட்டிகளைப் பார்க்காமல் தள்ளிவிடாதீர்கள். 1989 அப்பர் டெக் வரிசையின் முதல் எண்ணான கென் கிரிஃபி ஜூனியர், 1990 டாப்ஸில் முன்பக்கம் பெயர் அச்சாகாமல் போன ஃபிராங்க் தாமஸ், வளைகுடாப் போரின்போது படைவீரர்களுக்கு அனுப்பப்பட்டு ஒரு சிறு தங்க நிறக் கேடய முத்திரை பெற்ற 1991 டாப்ஸ் அட்டைகள், 1993 எஸ்.பி. வரிசையில் டெரெக் ஜீட்டர் ஆகிய நான்கும் நினைவில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்ன ஜீட்டர் அட்டையின் பளபளப்பான ஓரம் தொட்டாலே உதிரும். ஓரம் சிதையாத ஒன்றைக் கண்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுங்கள்.

1993-ல் டாப்ஸ் ஃபைனஸ்ட் 'ரிஃப்ராக்டர்' அட்டைகளைக் கொண்டுவந்தபோது ஆட்டம் மாறியது. சாய்த்துப் பிடித்தால் வானவில் நிறம் ஓடும் அட்டை அது. இன்று ஒரே வீரரின் ஒரே படம் பல வண்ணங்களில், ஒவ்வொன்றும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் வருகிறது. 25-ல் 7 என்று சிறிய எழுத்தில் அச்சிட்ட வரிசை எண் முன்பக்கத்திலும் இருக்கலாம், பின்பக்கத்திலும் இருக்கலாம். புரட்டாமல் விட்டால் அது கண்ணில் படாமலே போய்விடும்.

இரண்டாம் படி: பையில் என்ன இருக்க வேண்டும்

அதிகம் வேண்டாம். பத்து மடங்கு லென்ஸ், சிறிய டார்ச், மெல்லிய பிளாஸ்டிக் உறைகள், அந்த உறையோடு அட்டையைச் செருக 'டாப்லோடர்' எனும் கெட்டியான சட்டங்கள், சுவரில் வண்ணம் அடிப்பவர்கள் ஒட்டும் நீல டேப். சாதாரண செலோடேப் பசையை விட்டுவிட்டுப் போகும், பக்கத்திலேயே வைக்காதீர்கள். பழைய ஆல்பங்களின் பி.வி.சி. தாள்கள் காலப்போக்கில் பிசுபிசுத்து அட்டையைக் கெடுக்கும். அப்படி ஓர் ஆல்பம் கிடைத்தால் அட்டைகளை அன்றே வேறு தாளுக்கு மாற்றிவிடுங்கள்.

மூன்றாம் படி: அட்டையைப் படிப்பது

இங்கே அவசரம் கூடாது. நான் எப்போதும் பின்பக்கத்தில் தொடங்குகிறேன். முகத்தில் தொடங்கினால் வீரரின் படம் மனத்தை இழுத்துவிடும், குறை தெரியாது. டாப்ஸ் பாக்கெட்டுகளில் 1991 வரை பபிள்கம் துண்டு ஒன்றும் சேர்ந்து வந்தது. அதன் கறையும் மெழுகுக் கறையும் பழைய அட்டைகளில் சகஜம்; அது போலியின் அடையாளம் அல்ல, ஆனால் விலையைக் குறைக்கும். அடுத்து நான்கு முனைகளையும் கறுப்புத் துணிமேல் வைத்துப் பாருங்கள். நார் பிரிந்து வெளுத்திருந்தால் கறுப்பு காட்டிக்கொடுத்துவிடும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். நேராகப் பார்க்கும்போது தெரியாத கீறலும் மடிப்பும் ஒரு கோணத்தில் மின்னி மறையும். அதன்பிறகுதான் முகம்: படத்தின் இடது கரையும் வலது கரையும் ஒரே அகலமா, மேலும் கீழும் சமமா?

ஓரம் வெட்டப்பட்ட அட்டைகள் பெரிய தலைவலி. மழுங்கிய முனைகளைக் கூர்மையாகக் காட்டச் சிலர் பிளேடால் இழைத்துவிடுவார்கள். 1957-க்குப் பிந்தைய வழக்கமான அட்டை இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். அளவுகோலைவிட நல்ல வழி, அதே வரிசையின் மலிவான அட்டை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது. அதே சமயம், ஓரம் வழவழப்பாக இருந்தால் நல்லது என்றும் நினைத்துவிடாதீர்கள். கனடாவின் ஓ-பீ-சீ நிறுவனம் கம்பியால் அட்டைகளை அறுத்தது. 1979-80 வரிசையின் ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கியின் 'ரூக்கி' (அறிமுக) அட்டையில் சொரசொரப்பான ஓரம்தான் இயல்பு. அதில் கத்தரித்தாற்போன்ற ஓரத்தைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

லென்ஸ் சோதனையை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன். படப் பகுதி புள்ளிகளால் ஆனதாகத்தான் இருக்கும், அதில் தவறில்லை. எழுத்தும் கோடும் புள்ளிகளாக உடைகின்றனவா என்று பாருங்கள்.

நான்காம் படி: விலை

விற்பவர் கேட்கும் விலை விலை அல்ல. ஈபே தளத்தில் 'விற்றவை' என்ற வடிகட்டியைப் போட்டு, அதே அட்டை அதே நிலையில் அண்மையில் என்னவாக விற்றது என்று மூன்று நான்கு விற்பனைகளைப் பாருங்கள். பேரம் பேசி முடிந்த விற்பனைகளில் ஈபே பழைய விலையைக் கோடு போட்டு அடித்துக் காட்டும். உண்மையில் கைமாறிய தொகையை 130பாயின்ட் தளத்தில் காணலாம். ஒரே ஒரு பெரிய விற்பனையை நீட்டிக்காட்டி உங்களிடம் பேசுபவரோடு பொறுமையாக இருங்கள், ஆனால் நம்பிவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: மாற்றிக்கொள்வது

ஊரில் தீப்பெட்டிப் படமும் தபால்தலையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு இது புதிதல்ல. விதிகள்தான் கொஞ்சம் கறாரானவை. அட்டைக் கண்காட்சிக்குப் போனால் மேசைக்காரரின் அட்டையை அனுமதி கேட்டபின் எடுங்கள். 1980 முதல் ஆண்டுதோறும் நடக்கும் தேசியக் கண்காட்சி 2024-ல் எங்கள் கிளீவ்லாந்தில் நடந்தது. அங்கே மேசைகளை விட, நடைபாதையில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த பிள்ளைகளிடம்தான் உயிரோட்டமான பண்டமாற்றைப் பார்த்தேன்.

வியாபாரி பணமாகத் தரும்போது சந்தை விலையில் பெரும்பாலும் 60 முதல் 80 சதவீதம்தான் தருவார். அவர் மேசைக்கும் பயணத்துக்கும் செலவழிக்கிறார், அதில் கோபப்பட ஒன்றுமில்லை. பதிலுக்கு அட்டையாக வாங்கினால் கூடுதலாகக் கிடைக்கும். பேச்சைத் தொடங்குமுன் இரண்டு பேரும் எந்த விலையை வைத்துப் பேசுகிறோம் என்று ஒத்துக்கொள்ளுங்கள். உங்களுடையதற்குச் சந்தை விலை, அவருடையதற்கு அவர் எழுதிவைத்த விலை என்றால் தராசு தொடக்கத்திலேயே சாய்ந்துவிடும். உங்கள் அட்டையில் மடிப்பு இருந்தால் நீங்களே காட்டுங்கள். குழந்தையோடு மாற்றும்போது அதன் பெற்றோர் பக்கத்தில் இருக்கட்டும், கணக்கை உரக்கச் சொல்லுங்கள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது: விவரம் தெரியாத சிறுவனிடமிருந்து நல்ல அட்டையைப் பிடுங்குபவர் இந்தப் பொழுதுபோக்கையே வேரோடு பிடுங்குகிறார்.

தபாலில் மாற்றுவதானால், அட்டைக்குப் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதிய தாளை வைத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும். பழைய பரிமாற்றங்கள் குறைவாக உள்ளவர் முதலில் அனுப்புவது வழக்கம். பணமும் சேர்ந்து கைமாறினால் பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் வழியைத் தொடாதீர்கள், அதில் வாங்குபவருக்குப் பாதுகாப்பு இல்லை. அட்டையை உறை, டாப்லோடர் என்ற வரிசையில் இட்டு, வாயை நீல டேப்பால் மூடி, டேப்பின் நுனியை மடித்துவிடுங்கள். பெறுபவர் நகத்தால் சுரண்ட வேண்டியிராது. இருபுறமும் அட்டைப்பெட்டித் துண்டு வைத்து, குமிழுறையில் போட்டு, கண்காணிப்பு எண்ணோடு அனுப்புங்கள்.

தரமதிப்பீடு பற்றிச் சுருக்கமாக. பி.எஸ்.ஏ., பெக்கெட், எஸ்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் அட்டையைச் சோதித்து 10 வரை மதிப்பெண் கொடுத்துக் கெட்டிப் பிளாஸ்டிக்கில் அடைத்துத் தரும். 9 வந்தாலும் கட்டணம் மீளும் அட்டைகளை மட்டும் அனுப்புங்கள். 10 வரும் என்ற நம்பிக்கையில் அனுப்பி நிறையப் பேர் கையைச் சுட்டுக்கொள்கிறார்கள். அடைக்கப்பட்ட அட்டை என்பதற்காகக் கண்ணை மூடாதீர்கள். பெட்டியிலுள்ள எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டு, விவரமும் படமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள்.

ஆறாம் படி: திரிஃப்ட் கடைக்குள்

1902-ல் பாஸ்டனில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார் தொடங்கிய குட்வில், சால்வேஷன் ஆர்மி, கனடாவில் வேல்யூ வில்லேஜ் என்று கடைகள் பல. மக்கள் கொடுத்த பழைய பொருட்கள் நாள் முழுவதும் தள்ளுவண்டியில் வந்துகொண்டே இருக்கும். அதனால் விடிகாலையில் ஓடுவதைவிட, வாரத்தில் இரண்டு மூன்று முறை பத்து நிமிடம் எட்டிப்பார்ப்பது பலன் தரும். பல கடைகளில் விலைச்சீட்டின் நிறத்துக்கேற்ப வாரந்தோறும் தள்ளுபடி மாறும். கடையில் விற்காமல் மிஞ்சியவை போய்ச்சேரும் குட்வில் 'அவுட்லெட்' கிடங்குகளில் பொருளை எடைபோட்டு விற்பார்கள். அங்கே கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

படங்கள் அடுக்கிய அலமாரியோடு நிறுத்திவிடாதீர்கள். விளையாட்டு அட்டைகள் பெரும்பாலும் பலகை விளையாட்டுகளுக்கு நடுவிலும், காகிதக் கோப்புகள் வைத்த தட்டிலும், காசாளருக்குப் பின்னால் கண்ணாடிப் பெட்டியிலும் இருக்கும். நான் கண்ட நல்ல ஆல்பம் ஒன்று பள்ளிக் கோப்புகளுக்கிடையே நின்றிருந்தது.

பழைய படங்களை ஏன் இப்படித் தேட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. எல்லாமே இணையத்தில் இருக்கிறது என்பது உண்மையல்ல. இசை உரிமை காலாவதியானதால் வெளியே வராத படங்கள் உண்டு. உரிமை யாரிடம் என்றே தெளிவில்லாத படங்கள் உண்டு. பிந்தைய பதிப்பில் பாடலை மாற்றிவிட்டதால், அசல் பாடல் பழைய கேசட்டில் மட்டும் ஒலிக்கும் படங்கள் உண்டு. நெட்ஃபிளிக்ஸ் தபாலில் வட்டு அனுப்புவதை 2023 செப்டம்பரில் நிறுத்தியபின் அவற்றைப் பார்க்கும் வழி இன்னும் சுருங்கிவிட்டது.

ஏழாம் படி: வீடியோ கேசட்

வி.எச்.எஸ். கேசட் அமெரிக்காவுக்கு 1977-ல் வந்தது. பெரிய ஸ்டுடியோக்கள் 2006 வாக்கில் கைவிட்டன. கேசட்டை உறையிலிருந்து உருவி, சிறிய ஜன்னல் வழியே சுருளைப் பாருங்கள். கறுப்புச் சுருளின்மேல் வெள்ளைப் பொடி தூவினாற்போல் இருந்தால் அது பூஞ்சை. அதை எந்தக் காரணத்துக்காகவும் கருவியில் போடாதீர்கள், அடுத்துப் போடும் கேசட்டுக்கெல்லாம் தொற்றும். பக்கவாட்டில் உள்ள சிறு பொத்தானை அழுத்தினால் முன்மூடி திறக்கும். நாடா கசங்காமல், ஓரம் அலையலையாக இல்லாமல் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக முகர்ந்து பாருங்கள். ஈர நிலவறையின் வாடை மூக்குக்குத் தப்பாது.

டிஸ்னியின் கறுப்பு வைரக் குறியிட்ட கேசட்டுகள் ஆயிரக்கணக்கில் விலை போகின்றன என்று நெடுங்காலமாக ஒரு வதந்தி உலவுகிறது. அவை லட்சக்கணக்கான பிரதிகள் விற்றவை, அரியவை அல்ல. ஒரு டாலருக்குக் குழந்தைக்காக வாங்குங்கள், முதலீடாக அல்ல. பெரிய அட்டைப் பெட்டியில் வந்த 1980-களின் சிறு நிறுவனத் திகில் படங்களுக்கே உண்மையான தேவை இருக்கிறது.

கையால் தலைப்பெழுதிய வீட்டுப் பதிவுகளையும் அலட்சியம் செய்யாதீர்கள். ஃபிலடெல்ஃபியாவில் மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி, 2012-ல் இறக்கும்வரை மூன்று பத்தாண்டுகளுக்கு மேல் தொலைக்காட்சியை இரவுபகலாகப் பதிந்தார். சுமார் 70,000 கேசட்டுகள். அவை இன்டர்நெட் ஆர்கைவுக்குப் போய்ச் சேர்ந்தன. அந்நாளைய ஒளிபரப்பில் பெரும்பகுதியை நிலையங்களே வைத்துக்கொள்ளவில்லை.

கேசட் கருவியை உலகில் கடைசியாகத் தயாரித்துவந்த ஜப்பானின் ஃபூனாய் 2016 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதனால் கருவியும் திரிஃப்ட் கடையில்தான். போனாலும் பரவாயில்லை என்கிற ஒரு கேசட்டைக் கையோடு கொண்டுபோய், கடையின் மின்செருகியில் ஓட்டிப் பார்த்து வாங்குங்கள்.

எட்டாம் படி: வட்டுகள்

பெட்டியைக் கட்டாயம் திறங்கள். உறையில் ஒரு படம், உள்ளே வேறு படம் என்பது வாரந்தோறும் காணும் காட்சி. இரண்டு வட்டுத் தொகுப்பில் ஒன்று இருக்காது. அடிப்பக்கம் வெள்ளியாக இருந்தால் தொழிற்சாலை அச்சு. ஊதா சாயல் தெரிந்தால் பெரும்பாலும் வீட்டில் பதிந்த நகல். மையத்திலிருந்து வெளிநோக்கி ஓடும் கீறல் அவ்வளவு கெடுதல் செய்யாது. வட்டத்தைத் தொடர்ந்து ஓடும் கீறல்தான் படத்தை நிறுத்தும். துடைப்பதும் மையத்திலிருந்து வெளிநோக்கியே. பிறகு வட்டை விளக்குக்கு நேரே பிடியுங்கள். ஊசித்துளைகளாக ஒளி கசிந்தாலோ, ஓரம் வெண்கல நிறமாகியிருந்தாலோ உள்ளிருக்கும் உலோகப் படலம் அழியத் தொடங்கிவிட்டது. 2006 முதல் 2008 வரை தயாரான வார்னர் டிவிடிகள் சிலவற்றில் இந்தச் சிதைவு இருப்பதை அந்நிறுவனமே 2025-ல் ஒப்புக்கொண்டது. அந்த ஆண்டுகளின் வட்டு கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும், வீட்டுக்குப் போனதும் கடைசிக் காட்சிவரை ஓட்டிப் பாருங்கள்.

முதுகுப்பட்டையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் நூறு வட்டு வரிசையை ஒரு நிமிடத்தில் கடக்கலாம். தேர்ந்தெடுத்த படங்களைச் சிறப்புப் பதிப்பாக வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனத்தின் வட்டுகளில், முதுகில் வரிசை எண் இருக்கும். அவை திரிஃப்ட் கடையில் அரிது, ஆனால் வரும். ஸ்கிரீம் ஃபேக்டரி, ஆங்கர் பே போன்ற வெளியீட்டு நிறுவனங்களின் பெயர்களிலும் கண் நிற்கட்டும். குழந்தைகள் படம் இருக்கும் தட்டை மட்டும் வழித்துத் துடைக்காதீர்கள். சனிக்கிழமை மாலை ஐந்து டாலரோடு வரும் குடும்பத்துக்கு அது வேண்டும்.

இந்தியாவுக்கோ இலங்கைக்கோ எடுத்துப்போக நினைப்பவர்கள் கவனிக்க: அமெரிக்க டிவிடி மண்டலம் 1, இந்தியாவும் இலங்கையும் மண்டலம் 5. புளூ-ரேயில் அமெரிக்கா ஏ, அங்கே சி. எல்லா மண்டலமும் ஓட்டும் கருவி இல்லாவிட்டால் வட்டு ஓடாமல் போகலாம். 4கே வட்டுகளுக்கு மண்டலக் கட்டுப்பாடே இல்லை. அமெரிக்க கேசட் என்.டி.எஸ்.சி. என்ற ஒளிபரப்பு முறையிலானது, ஊரில் இருக்கும் பழைய கருவி பி.ஏ.எல். முறையிலானது; அதனால் கேசட்டும் அங்கே ஓடாமல் போகலாம்.

கடைசியாக, வீட்டில் வைப்பது. கேசட்டை முழுதும் பின்சுற்றி, புத்தகம்போல நிமிர்த்தி வையுங்கள். எங்கள் பக்கத்து நிலவறைகள் கோடையில் ஈரம் கோக்கும். அட்டையும் கேசட்டும் அங்கே போகக் கூடாது. படுக்கையறை அலமாரியின் நடுத்தட்டு போதும், ஜன்னல் வெயில் படாத பக்கமாக. என் அலமாரியில் முதல் டாப்லோடரில் அந்தப் போலி ஜோர்டன் இருக்கிறது, முதுகில் 'போலி' என்று அழியாத மையால் எழுதியபடி. நண்பரின் மகன் வரும்போதெல்லாம் லென்ஸை எடுத்துக்கொண்டு முதலில் அதைத்தான் கேட்கிறான்.